பழகிய ஆடலும் பழகாத இசையும்

ஒவ்வோர் ஆடலுக்கும் அதனோடு பிறந்து அதனோடு வளர்ந்த இசை ஒன்று உண்டு. பரதத்திற்கு மிருதங்கமும் நட்டுவாங்கமும், கரகாட்டத்திற்கு நையாண்டி மேளமும், மலாய் மக்களின் ஜோகெட் ஆடலுக்கு வயலினும் ரெபானாவும் அமைந்திருப்பதை நாம் அறிவோம். இவற்றுள் ஒன்றை அதன் இசையினின்றும் பிரித்து, வேறோர் இசையின்மேல் ஏற்றி ஆடலாமா? ஆடினால் அது அவ்வாடலுக்குச் செய்யும் தொண்டா, தீங்கா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சுவை பற்றிய வினாவாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் இஃது அறம் பற்றிய வினா என்பது புலனாகும். பிறர் பேணி வளர்த்த செல்வத்தைக் கையில் எடுப்பவர்க்கு எவ்வளவு உரிமை உண்டு, எவ்வளவு கடமை உண்டு என்பதே இதன் உட்பொருள்.

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவர் என் பழைய மாணவி ஒருவர். இன்று அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் அவர், மாலை வேளைகளில் எகிப்திய ஆடலைக் கற்று வருகிறார். வகுப்பில் அரபு இசைக்கே ஆடுகின்றனர். வீட்டிலோ அவர் தவிலோசைக்கும், மேலைநாட்டுப் பல்லியத்திற்கும், சில வேளைகளில் மின்னணு இசைக்கும் ஆடிப் பழகுகிறார். "ஐயா, இது அந்தக் கலையை அவமதிப்பது என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். அப்படித்தானா?" என்று கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறத்தக்க வினாவன்று அது.

முதற்கண் அவ்வாடலைப் பற்றிய தெளிவு வேண்டும். மேலையார் 'பெல்லி டான்ஸ்' என வழங்கும் ஆடலை அரபு மக்கள் 'ரக்ஸ் ஷர்கி' என்பர். 'கீழைநாட்டு ஆடல்' என்பது அதன் பொருள். வயிற்றைச் சுட்டும் பெயரை முதலில் இட்டவர் பிரெஞ்சுக்காரர். 1893-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சி அவ்வாடலை அமெரிக்க மக்களின் கண்ணுக்கும் வாய்க்கும் கொண்டு சேர்த்தது. பெயரைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிப்பார் நம்மிடையே உளர். எகிப்திலும் இந்த இகழ்ச்சி இருந்தது. 1834-இல் அந்நாட்டை ஆண்ட முகமது அலி, ஆடல் மகளிரைக் கெய்ரோவினின்றும் நீக்கித் தென்பகுதிக்கு அனுப்பினார். நம் சதிராட்டமும் இத்தகைய இகழ்ச்சிக்கு உள்ளாகி, பின்னரே பரதநாட்டியம் என்னும் மதிப்பைப் பெற்றது. அந்த வரலாற்றை உடைய நாம் இன்னொரு மக்களின் ஆடலை ஏளனம் செய்தல் தகாது. பேரறிஞர் எட்வர்டு சையித், எகிப்திய ஆடல் அரசி தஹியா கரியோகாவைப் போற்றி 1990-இல் ஒரு கட்டுரையே எழுதினார் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளலாம்.

இவ்வாடலின் உயிர் அது இசையைக் கேட்கும் முறையில் இருக்கிறது. இடுப்பும் மார்பும் தோளும் கையும் தனித்தனியே இயங்கப் பழக்கப்படுகின்றன. தர்புக்கா என்னும் கைம்முரசில் 'தும்' என்னும் கனத்த அடியும் 'தெக்' என்னும் கூரிய அடியும் விழும்போது இடுப்பு அவற்றுக்கு விடை கூறுகிறது. கானூன் என்னும் யாழ்போன்ற கருவியின் நரம்புகள் அதிரும்போது உடலும் மெல்ல அதிர்கிறது. நே என்னும் நாணற்குழல் நீண்டு ஒலிக்கும்போது கைகளும் உடலும் அலைபோல் நெளிகின்றன. நம் இராக ஆலாபனையை ஒத்த 'தக்சீம்' என்னும் பகுதியில், ஒருவர் தம் கற்பனைக்கேற்ப வாசிக்க, ஆடுபவரும் முன்னரே வகுத்த அடவின்றிக் கேட்டதைக் கேட்டவாறே ஆடுகிறார். மகாம் என்னும் அரபுப் பண்களில், நம் ஆர்மோனியக் கட்டைகளுக்கு இடையே விழுந்துவிடும் நுண்சுரங்கள் உண்டு. அவற்றில் தோய்ந்து கலைஞரும் கேட்போரும் ஒருசேர எய்தும் உள்ளப் பெருக்கை 'தரப்' என்று அரபு மக்கள் அழைக்கின்றனர்.

இதனை அறிந்தால், அரபு இசைக்கே ஆட வேண்டும் என்பாரின் கட்சி வலுவுடையது என்பது விளங்கும். இசையைக் கேட்டு உடலால் மொழிபெயர்ப்பதே இந்த ஆடல் என்றால், மூலத்தை அகற்றிவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொள்வது எங்ஙனம்? எஞ்சுவது உடற்பயிற்சியாக இருக்கலாம். கலையாக இராது என்பர் அவர். இதனை வெறும் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் அவ்வாடலின் சொந்த வரலாறு வேறொரு செய்தியையும் கூறுகின்றது. 1926-இல் பதியா மஸாப்னி என்னும் அம்மையார் கெய்ரோவில் ஓர் ஆடலரங்கைத் திறந்தார். நாட்டுப்புறத்தும் இல்ல விழாக்களிலும் நிகழ்ந்த ஆடல், மேலைநாட்டு மேடை முறைகளோடும் பெரிய இசைக்குழுவோடும் கலந்து இன்றைய வடிவத்தைப் பெற்ற இடங்களுள் அது தலையாயது. அங்கே வளர்ந்தவரே முற்கூறிய தஹியா. 1933-இல் வெளிவந்த அமெரிக்கப் படம் ஒன்றினால் 'கரியோகா' என்னும் பிரேசில் ஆடல் உலகெங்கும் பரவியது. அந்தத் தாளத்தைத் தம் ஆடலிற் சேர்த்துக்கொண்டதனால் அப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. எகிப்திய மரபின் சிகரம் என்று இன்று போற்றப்படுபவரின் பெயரிலேயே அயல்நாட்டுத் தாளம் ஒன்று குடியிருக்கிறது!

இன்னும் ஒரு சான்று காண்போம். 1964-இல் உம்மு குல்தூம் அம்மையார் பாடிய 'இந்த உம்ரி' என்னும் பாடலுக்கு இசையமைத்தவர் முகமது அப்துல் வஹாப். அப்பாடலில் மின்கித்தார் ஒலித்தது. அதன் முன்னிசை இன்று ஆடலரங்குகளில் மரபு இசையாகவே ஏற்கப்படுகிறது. உம்மு குல்தூமின் பாடல்களை இருந்து கேட்டு உருகுவதே வழக்கமாயிருந்த காலத்தில், அவற்றுக்கு ஆடிப் புகழ்பெற்றவர் சுஹைர் ஸகி என்னும் ஆடலர். நேற்றைய புதுமை இன்றைய மரபாகி நிற்பதை இங்கே காண்கிறோம்.

நம் இசையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது.

ஆனால், இச்சான்றுகளைக் கொண்டு 'எதுவும் செய்யலாம்' என்று முடிவு கட்டிவிடுதல் பிழை. மாற்றம் நிகழ்ந்தது என்பது வேறு. எல்லா மாற்றமும் நன்று என்பது வேறு. வந்த கருவிகள் எவ்வாறு ஏற்கப்பட்டன என்பதை நாம் நோக்க வேண்டும். வயலின் நம்மிடம் வந்தபோது அதன் சுருதி மாற்றப்பட்டது. வாசிப்பவர் தரையில் அமர்ந்து அதனைக் காலில் ஊன்றிக்கொண்டார். அது கமகத்தைக் கற்றுக்கொண்டது. எகிப்துக்குச் சென்ற அக்கார்டியனும் அவ்வாறே. மகாம்களின் நுண்சுரங்கள் பேசும்படி அதன் உள்நாக்குகள் திருத்தப்பட்டன. விருந்தாளி வீட்டாரின் மொழியைக் கற்றுக்கொண்ட பிறகே வீட்டில் ஒருவராக ஆனார். வீட்டார் தம் மொழியை மறந்து விருந்தாளியின் மொழிக்கு மாறவில்லை. வளர்ச்சிக்கும் சிதைவுக்கும் இடையே உள்ள கோடு இதுவே என்பது என் கருத்து.

இனிப் பயிற்சியைக் குறித்துச் சிந்திப்போம். பயிற்சிக்கும் மேடைக்கும் வேறுபாடு உண்டு. மேடையில் ஆடுபவர் தாம் கற்றதைக் காட்டுகிறார். பயிற்சியில் தமக்குத் தெரியாதது எது என்று தேடுகிறார். அத்தேடலுக்குப் பழகாத இசை நல்ல துணை. எகிப்திய ஆடலில் மிகுதியாக வழங்கும் 'மக்ஸூம்' நான்கெண்ணிக்கைத் தாளம். பல்லாண்டு அதற்கே ஆடிய உடல், காதின் உதவியில்லாமலே அடுத்த அடிக்கு நகர்ந்துவிடும். பார்ப்பவர்க்கு அது தேர்ச்சியாகத் தோன்றும். உண்மையில் செவி உறங்கிக்கொண்டிருக்கும். அதே உடலை நம் மிசிர சாப்பின் ஏழெண்ணிக்கைக்கு ஆட விடுங்கள். இடுப்பு எட்டாவது அடியைத் தேடித் தடுமாறும். அத்தடுமாற்றமே பாடம். எது கேட்டு ஆடியது, எது பழக்கத்தால் ஆடியது என்பதை அது பிரித்துக் காட்டிவிடும். மின்னணு இசையின் பிசகாத தாளம், அசைவுகளில் உள்ள ஏற்றத்தாழ்வை ஒளிக்க இடங்கொடாது. மெதுவாகச் செல்லும் பல்லியமோ, ஒரே அசைவை நெடுநேரம் தாங்கி நிறுத்தும் வலிமையைக் கேட்கும்.

வேறோர் உண்மையும் உண்டு. நம் இசை மாணவர் முதன்முதலிற் பயிலும் மாயாமாளவகௌளையின் சுர வரிசையும், அரபு இசையில் ஹிஜாஸ் கார் என்னும் மகாமின் சுர வரிசையும் ஏறத்தாழ ஒன்றே. தமிழ்ப் பெண் ஒருவர் அவ்விராகத்திற்கு எகிப்திய ஆடலைப் பயின்று, பின்னர் அரபு இசைக்குத் திரும்பினால் அவருக்கு இரண்டு செல்வங்கள் கிட்டும். ஒத்த சுரங்கள் இரு மரபுகளில் எவ்வளவு வேறாக அசைகின்றன என்பதை அவர் செவி உணரும். தம் இசையையும் பிறர் இசையையும் ஒருங்கே மதிக்க அவர் கற்பார்.

'திரும்பினால்' என்று கூறியதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். திரும்பாமலே போய்விடும் இடர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1960-களிலிருந்தே இவ்வாடல் பலவாறு கலந்து வளர்ந்து வருகிறது. 1987-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கரோலினா நெரிச்சியோ தொடங்கிய குழுவின் ஆடலில் நம் நாட்டுச் சோளி உடையும் இடம்பெற்றது. பின்வந்தோர் மின்னணு இசையையும் பிறவற்றையும் சேர்த்தனர். அவற்றுள் அழகும் உழைப்பும் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், மகாமையே கேட்டறியாத ஒருவர், அரபுச் சொல் ஒன்றின் பொருளையும் அறியாது, தாம் ஆடுவதே எகிப்தின் தொன்மை ஆடல் என்று கூறுவாராயின், குறை அவர் தேர்ந்த இசையில் இல்லை. அவர் கூறிய சொல்லில் இருக்கிறது. புதியதைப் புதியது என்று சொல்லி ஆடுவது நேர்மை. கலப்பைக் கலப்பு என்றே அறிவித்தால் எவர்க்கும் தீங்கில்லை.

பயிற்சிக்கும் பொருந்தும் எல்லை ஒன்று உண்டு. அது சொல்லின் எல்லை. இசைக்கு மொழியில்லை என்பர். பாடலுக்கு மொழி உண்டு. தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி கலந்த பாடலுக்கு, அது இன்னதென்று அறியாமலே இடுப்பசைத்து ஆடுவாரும் இருக்கக் கூடும். இந்நாட்டில் அண்டை வீட்டாரின் பாங்கொலியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பிழையை விளக்க வேண்டுவதில்லை. நம் தேவாரத்தையோ, இறந்தாரை நினைந்து பாடும் ஒப்பாரியையோ ஒருவர் பொருளறியாது களியாட்டத்திற்கு எடுத்துக்கொண்டால் நம் நெஞ்சு எவ்வளவு துன்புறும்! தமக்கு நோவது பிறர்க்கும் நோகும் என்று அறிதல் அறத்தின் முதற்படி. ஆகவே, ஆடுமுன் பாடலின் பொருளைக் கேட்டறிதல், விரும்பினால் செய்யத்தக்க நயமன்று, கட்டாயக் கடமை.

என் மாணவிக்கு நான் கூறிய விடையும் இவற்றையே அடக்கியது. வீட்டில் எந்த இசைக்கும் பழகலாம். ஆனால் அதனை உண்மையாகவே கேட்க வேண்டும். பாடலாயின் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். மேடையில் ஆடினால் எது மரபு, எது தம் கற்பனை என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும். அரபு இசையிடம் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்ல வேண்டும். இவற்றைச் செய்பவர் அக்கலையை அவமதிப்பவர் அல்லர். அதன்பால் அன்பு மிக்கவர்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. மரபுச் செய்யுளை மாணவர் துள்ளிசை மெட்டில் பாடினால் நம்மிற் சிலர் சினக்கிறோம். சிலர் புதுமை என்று கைதட்டிவிடுகிறோம். இரண்டும் எளிய வழிகள். அம்மாணவன் சீரையும் தளையையும் அறிந்து பாடுகிறானா, பொருளை உணர்ந்து பாடுகிறானா, நாளை அதே செய்யுளை உரிய ஓசையோடு படிக்க அவனால் இயலுமா என்று கேட்டறிவதே ஆசிரியப் பணி. ஆம் எனின், துள்ளிசை அவன் செவியைக் கூர்மையாக்கியிருக்கிறது. இல்லை எனின், அவனைத் தடுப்பதைக் காட்டிலும் செய்யுளின் ஓசையை அவனுக்குக் கற்பிப்பதே நாம் செய்ய வேண்டுவது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசான் முதல் இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழோன் வரை ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை வகுத்துரைக்கின்றது. தண்ணுமை முழக்குவோன் ஏனைக் கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் தெரிந்தவனாதல் வேண்டும் என்பது இளங்கோவடிகள் கருத்து. ஒருவரை ஒருவர் கேட்டாலன்றி இஃது இயலாது. திருவள்ளுவரோ, பாடலோடு பொருந்தாத பண்ணைக் கண்ணோட்டம் இல்லாத கண்ணுக்கு உவமையாக்கினார். இசையின் இயைபையும் உள்ளத்தின் இரக்கத்தையும் அப்பெருந்தகை ஓரிடத்தில் வைத்துக் காட்டியது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. பொருந்துதல் என்பது பிறர்க்குச் செவி கொடுத்தல். இசை நமதாயினும் அயலதாயினும், பழகியதாயினும் பழகாததாயினும், செவி கொடுத்து ஆடுபவர் கால் வழுவாது. செவி மூடிக்கொண்டவர், தம் முன்னோர் இசைக்கே ஆடினாலும், அதற்கு அயலாரே ஆவர்.