காதுக்கு எட்டாத ஒலியும் தேவாரமும்

எம்பி3 கோப்புக்கு மனிதக் காதே அளவுகோல். பலத்த ஓர் ஒலி எழும்போது, அதை ஒட்டிய அலைவரிசையில் உள்ள மெல்லிய ஒலி காதில் விழாது. அப்படி விழாததைக் கழித்துவிடுவதால்தான் கோப்பு சிறுக்கிறது. நொடிக்கு 128 கிலோபிட் கொண்ட கோப்பு, குறுந்தகட்டுப் பதிவில் ஏறத்தாழ 11-இல் ஒரு பங்கு. 1999-இல் வந்த சூப்பர் ஆடியோ சிடியோ, காது எட்டும் 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியையும் பதியக்கூடியது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடுவது மனிதர் கேட்க மட்டும் அன்று. அது இறைவனுக்கான வழிபாடு. அப்படியானால், மனிதக் காதுக்கு வேண்டாம் என்று கழித்த ஒலி அந்த வழிபாட்டில் குறையாகுமா?

சைவ சித்தாந்தம் வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுக்கிறது. செவியில் விழுவது வைகரி ஒன்றே. எத்தனை நுட்பமான இசைத்தட்டும் அந்த ஒன்றைத் தாண்டுவதில்லை. மற்ற மூன்றும் மைக்கில் அகப்படா. இறைவன் அறிவதற்குக் கருவி வேண்டாதவன் என்பதால் அவன் பக்கம் குறை ஏதுமில்லை. உயிரின் நிலை வேறு. அது சார்ந்ததன் வண்ணமாவது. எதைக் கேட்கிறதோ அதன் தன்மையை ஏற்கும். குறைந்த பிட் கோப்பில் கைத்தாளத்தின் ஓசை கூர்மை மழுங்கி, தட்டு விழுமுன்பே ஒரு கரகரப்பு பரவுவதுண்டு. அந்த இழப்பு கேட்பவருக்கு மெய்யான இழப்பு.

இதைவிடக் கடுமையான சுருக்கத்தையும் தேவாரம் கண்டிருக்கிறது. மதுரைக்கு அருகே வைகைக் கரையில் உள்ள திருவேடகம், தேவாரம் பாடிய சம்பந்தர் ஆற்றில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று சேர்ந்த தலம் என்பது மரபு. ஏடு தாங்குவது எழுத்தை, குரலை அன்று. தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை மீட்ட பிறகும் பண் தெரியவில்லை என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரைக் கொண்டே பண் வகுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏட்டில் நில்லாத இசை, வழிவழியாகப் பாடிய குடும்பத்தில் நின்றிருக்கிறது. அந்தத் தொடர்ச்சி இருக்கும்வரை சுருக்கம் பாட்டை அழிக்காது. அது அறுந்தால் பதிவே குருவாகிவிடும்; அப்போது கழிக்கப்பட்ட ஒவ்வொரு நுணுக்கமும் மாணவனுக்கு எட்டாமற்போகும்.

ஆகவே திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிக்கு எம்பி3 போதும். பாடம் கேட்பதற்கும் காப்பகத்துக்கும் அது போதாது. பழைய பதிவுகளைக் காப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் தொடக்க காலத் தட்டுகள், பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடமே கொண்ட 78 சுழற்சித் தட்டுகள். அன்று பதியாத ஒலியை உயர்தர நகல் வரவழைக்காது. பதிந்ததை மேலும் வெட்டாமல் வைத்திருக்கும்.