முறையிடுகிறவரின் விசுவாசம்

துன்பத்தில் இருப்பவர் கடவுளிடம் கோபித்துக்கொள்ளலாமா? கர்த்தர் உண்மையுள்ளவர், கைவிடமாட்டார் என்று நம்புகிறவர் அவரிடமே குறைசொன்னால் அந்த நம்பிக்கை பொய்யாகிவிடுமா? ஆகிவிடும் என்றே பலர் நினைக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நாலாம் நாளும் அழுதால், "விசுவாசமா இரும்மா, அழாதே" என்று துக்கவீட்டில் ஒரு குரல் எழுந்துவிடுகிறது. ஆறுதல் சொல்ல வந்த குரல்தான். ஆனாலும் அது அந்தத் தாயின் வாயை அடைத்துவிடுகிறது.

தேவனுடைய இரக்கம் காலைதோறும் புதிதாகக் கிடைக்கிறது என்ற நம்பிக்கை வேதத்தில் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமைச் சுட்டெரித்தார்கள். அதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முற்றுகை. தாகத்தில் கைக்குழந்தையின் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது. அப்பம் கேட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆளில்லை. இதை மறைக்காமல் சொல்லும் புலம்பல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், 22, 23ஆம் வசனங்களில்தான் அந்த நம்பிக்கை இருக்கிறது. அதோடு புலம்பல் ஓய்ந்துவிடவில்லை. ஜெபம் நுழையாதபடி மேகத்தால் மூடிக்கொண்டீரே என்று 44ஆம் வசனம் கடவுள்மேலேயே குற்றஞ்சாட்டுகிறது. நூலின் கடைசி வசனமும் அச்சத்தில்தான் முடிகிறது. நம்பிக்கை வசனத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சுவரில் மாட்டுகிறோம்; சுற்றியுள்ள கண்ணீரை விட்டுவிடுகிறோம்.

முறையீடு மனக்கசப்பாக இறுகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கசந்துபோனவர் பேச்சையே நிறுத்திக்கொள்வார். முறையிடுகிறவரோ, நியாயம் கிடைக்கும் என்று நம்பும் இடத்தில்தான் வழக்கு வைக்கிறார்.

வேதத்தில் அப்படி முறையிட்டவன் யோபு. அவன் பெருந்துன்பத்தில் இருந்தபோது, நண்பர்கள் எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் ஏழு நாள், இரவும் பகலும், பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாய்திறந்ததும் கடவுளுக்கு வக்கீலாகிவிட்டார்கள்: துன்பம் வந்தால் பாவம் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். யோபுவோ, தேவனே வந்து தன் வழக்கைக் கேட்கட்டும் என்று மன்றாடினான். கடைசியில் கடவுள் பேசியபோது, அறிவில்லாமல் பேசினாய் என்று யோபுவைக் கண்டித்தார். அவன் கேட்ட ஏனென்ற கேள்விக்கு விடையும் தரவில்லை. ஆனாலும் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்றார். அவருக்காக வாதாடிய நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம். அவர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பையும் அந்த முறையிட்டவனிடமே ஒப்படைத்தார்.