யாரைக் கேட்டு ஆய்வு?

டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது. மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியக் காரணமான மரபணு இருப்பதும் அதில்தான். ஆகவே 40 வயதுக்குள் ஏறக்குறைய அவர்கள் எல்லோருடைய மூளையிலும் அல்சைமருக்குரிய மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. ஐம்பதுகளில் பலருக்கு மறதிநோய் வெளிப்படுகிறது. இருந்தும், அமெரிக்கா 2023இல் முழு ஒப்புதல் தந்த லெகானெமாப் என்ற அல்சைமர் மருந்தின் பரிசோதனையில் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. இப்படிப் பிறந்து, சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளையும் தனியாகச் சுற்றிவந்து பழகிய ஒருவர் ஒருநாள் கீழவீதி முனையில் வழி தெரியாமல் நின்றால், ‘அவன் எப்பவும் அப்படித்தானே’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். மருத்துவமனையில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். அது அவருக்கு இளமையிலும் வராத கணக்கு. தைராய்டு குறைவோ கண்புரையோ காரணமாக இருந்தால் எளிதில் சரிசெய்திருக்கலாம். இன்றைய அவரை நேற்றைய அவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு வேண்டும். அதற்கு ஆய்வு வேண்டும். அந்த ஆய்வு அவரைக் கேட்டு, அவரோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

புரியாதவரிடம் ஒப்புதல் கேட்பது வெறும் சடங்கு, பெற்றோர் கையெழுத்தே போதும் என்பார்கள். நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதியில், 1950களின் நடுவில் தொடங்கி, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைச் செலுத்தி ஆராய்ந்தபோதும் பெற்றோர் கையெழுத்து இருந்தது. காகிதம் சரியாக இருந்தது, அறம்தான் இல்லை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6ஆம் பிரிவில், இரண்டு நிபந்தனைகள் விதிக்கிறது. ஒப்புதலை அவர்களுக்குப் புரியும் வடிவில் சொல்லிப் பெற வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்பினராகவோ உள்ள குழு முன்அனுமதி தர வேண்டும். புரிதல் என்பது முழுதாக இருப்பது அல்லது அறவே இல்லாதது அல்ல. ரத்தம் எடுக்கப்போவதை ஊசியின் படத்தைக் காட்டிச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கலாம். கையை இழுத்துக்கொண்டால் அதுவே மறுப்பு.

எளியவர்களை விட்டுவைப்பதே பாதுகாப்பு என்பது அடுத்த மறுப்பு. அதில் நியாயம் உண்டு. கடலூர் மாவட்டத்துக் கிராமத்தில் கோப்போடு வருபவர் யாராயினும் அரசாங்கத்து ஆள்தான். ‘வேண்டாம்’ என்றால் மாதாமாதம் வரும் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று குடும்பம் அஞ்சும். அண்ணாமலைநகரில் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் அருகருகே இருப்பதால் ஆய்வுக்கு ஆள் கிடைப்பது எளிது. எளிது என்பதாலேயே எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். ஆனால் அஞ்சுபவரை வெளியே நிறுத்திவிட்டால் அச்சம் தீராது. மாற்றுத்திறன் சான்று தரும் மருத்துவரே ஒப்புதல் கேட்கக் கூடாது. உதவித்தொகைக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் உரிய ஊதியத்தோடு உட்கார வேண்டும். ஆய்வாளர் நினைவாற்றலுக்கு மதிப்பெண் தேடுவார். அம்மாவுக்குப் பிறகு யாரோடு இருப்பேன் என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கலாம்.

குணமாகாத நோய் வரக்கூடும் என்று சொல்லி ஒருவரைக் கலங்கவைப்பது தருமமா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. தெரிந்துகொள்ள மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. எவ்வளவு சொல்வது என்பதை அவர் கேட்கும் கேள்விகளே காட்டிவிடும். ஆனால் கூடவே வளர்ந்த நண்பர் தன் பெயரை மறப்பதை அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் தெரிந்த காரணத்தை அவருக்கு மட்டும் மறைப்பது கருணையில் சேராது. பரிசோதனையில் கண்டறிந்த குறைக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்வதும், முடிவுகளை எளிய தமிழில் திரும்ப வந்து சொல்வதும் ஆய்வாளரின் கடன். இதற்கெல்லாம் நேரமும் பணமும் கூடுதலாகும் என்பது உண்மைதான். அந்தச் செலவைத் தாங்க முடியாத ஆய்வுக்கு அவர்களுடைய ரத்தத்தைக் கேட்கவும் உரிமை இல்லை.