பிரபுவின் மேல் வரும் பிரியம்

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. மழையில் பஸ்ஸுக்காகத் தனியே நிற்கும் கல்லூரிப் பெண் முன்னால் ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. ஏறிக்கொள்ளச் சொல்கிறான். வழியில் சூயிங்கம் தருகிறான். அதன்பின் நடந்தது என்னவென்று அவளுக்கே சரியாகப் புரிவதற்குள் நடந்து முடிந்துவிடுகிறது. வீட்டில் அந்தச் சூயிங்கத்தைத் துப்பச் சொல்லிவிட்டு, தலையில் தண்ணீரைக் கொட்டிக் கரையேற்றுகிறாள் அம்மா.

அந்தக் கதை கிளப்பிய சர்ச்சை சாதாரணமானதல்ல. பெண் கெட்டுப்போனாளா இல்லையா, அந்தத் தாய் செய்தது தகுமா தகாதா என்று ஊரே கட்சி கட்டியது. காரை ஓட்டிக்கொண்டு போனவனைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அவன் மழையைப் போல, நேர்ந்துவிட்ட ஒன்று.

அந்தத் தாய் வாயை மூடிக்கொள்ளாமல் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு ஜெயகாந்தன் எழுதிய விடைதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 1972இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். இங்கே அந்தப் பெண்ணின் பெயர் கங்கா; அண்ணன் கணேசன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் என்ற பேச்சே இல்லாதவளாக வளர்ந்து நிற்கிறாள். ஆண்டுகள் கழித்து அந்தக் கார்க்காரனைத் தேடிப் பிடிக்கிறாள். அவன்தான் பிரபு.

வாசகருக்குச் சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. வெறுக்கத் தயாராகப் போனால், எதிரே இருப்பவன் வெறுக்கத் தோதாக இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை, குடிகாரன், சொந்த வீட்டிலேயே மதிப்பில்லாதவன். மனைவி உண்டு, மஞ்சு என்று கல்லூரிக்குப் போகும் மகளும் உண்டு. தான் உதவாக்கரை என்பதை அவன் ஒளிப்பதில்லை. தன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே திசைமாறியது என்று தெரிந்ததும் நிஜமாகவே கலங்குகிறான். அவன் வைப்பாட்டி என்று ஊர் அவளைப் பேசுகிறது. அவனோ அவளை விரலால்கூடத் தொடாமல் மரியாதையாக நடத்துகிறான். 1977இல் வந்த பீம்சிங்கின் படத்தில் ஸ்ரீகாந்த் இந்தப் பாத்திரத்துக்கு ஒரு முகமும் கொடுத்துவிட்டார். அதன்பின் அவனைப் பிடிக்காமல் போவது இன்னும் கஷ்டம்.

கங்காவின் வெங்கு மாமாவைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இந்தப் பிரியம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். மாமா வக்கீல், பெரிய மனிதர், சாஸ்திரம் தெரிந்தவர். அண்ணன் துரத்திய பெண்ணுக்கு நிழல் கொடுத்துப் படிக்க வைத்தவர். அந்த உரிமையிலேயே அவளைத் தொட்டுத் தடவப் பார்ப்பவரும் அவர்தான். கணக்குப் பார்த்தால் கங்காவுக்கு மாமா செய்த நன்மை கண்ணுக்குத் தெரிகிறது; பிரபு செய்த தீங்கும் அப்படியே. ஆனாலும் வாசகர் வெறுப்பது மாமாவைத்தான். மாமா வேஷம் போடுகிறார், பிரபு போடவில்லை என்பதே காரணம். தன் அழுக்கை ஒளிக்காதவனிடம் நமக்கு ஒரு தாட்சண்யம் வந்துவிடுகிறது. ஒப்புக்கொண்டதை நாம் பாதி பிராயச்சித்தமாக வரவு வைத்துவிடுகிறோம். ஆனால் பிரபு ஒளிக்காமல் இருந்ததால் கங்காவின் கடந்துபோன வருஷங்களில் ஒரு நாள்கூடத் திரும்பி வரவில்லை.

அவனுக்காக வாதாட வழியில்லாமல் இல்லை. வீட்டைவிட்டுத் துரத்தியது அண்ணன், பழி தூற்றியது ஊர், அந்தப் பழியைச் சொல்லிக்காட்டியே அவளை மடக்கப் பார்த்தது மாமா. இதில் எதுவும் அவன் கைக்காரியம் இல்லை. இப்படியெல்லாம் ஆகுமென்று அவன் அறிந்திருக்கவும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்குத் தெரியாமல் போனது எதனால்? தெருமுனையில் இறக்கிவிட்ட பெண் வீடு போய்ச் சேர்ந்தாளா, என்ன ஆனாள் என்று ஒரு தடவையாவது விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். மறந்துவிடும் சௌகரியம் அவனுக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. அந்த அறியாமையும் குற்றத்தில்தான் சேரும்.

டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலிலும் இதே வழக்குதான். கத்யூஷாவைக் கெடுத்துவிட்டு, 100 ரூபிள் நோட்டைத் திணித்துவிட்டுப் போன நெஹ்லூதவ், வருஷங்கள் கழித்து ஜூரியாக உட்கார்ந்திருக்கும்போது குற்றவாளிக் கூண்டில் அவளைப் பார்க்கிறான். மேல்முறையீட்டுக்கு அலைகிறான், மணக்கிறேன் என்கிறான், சைபீரியா வரை பின்தொடர்கிறான். பிரபு இதில் கால்வாசி கூடச் செய்யவில்லை. ஆனால் நெஹ்லூதவின் தவத்தில் ஒரு தன்னலம் இருப்பதைக் கத்யூஷா முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டுகிறாள். கடைசியில் அவனை மறுத்துவிட்டு வேறொருவனோடு வாழத் தீர்மானிப்பதும் அவள்தான். தீங்கு செய்தவன் நீட்டிய பரிகாரத்தை ஏற்பதா வேண்டாமா என்பது அங்கே அவள் கையில் இருக்கிறது.

கங்காவுக்கு அது வாய்க்கவில்லை. அவளுக்கு ஒரு வரன் வருகிறது. அந்த வரனைக் கட்டிக்கொள்ளும்படி பிரபு அவளிடம் சொல்கிறான். தான் பக்கத்தில் இருக்கும்வரை அவளுக்கு நல்ல வாழ்க்கை அமையாது என்று முடிவுசெய்து விலகியும் போகிறான். நாவலில் அவன் செய்யும் ஆகப் பெரிய தியாகம் இது; படிப்பவர் மனம் அவனிடம் முழுசாகச் சாய்வதும் இந்த இடத்தில்தான். ஆனால் அன்றைக்குக் காரில் அவளுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை அவனே தீர்மானித்தான், இன்றைக்கும் அவனே தீர்மானிக்கிறான். அன்று ஆசை, இன்று நல்லெண்ணம். அவளுடைய விருப்பம் இரண்டு முறையும் கணக்கில் வரவில்லை. அவன் இருந்திருந்தாலும் குறைதான் சொல்லியிருப்போம் என்பது உண்மையே. மனைவி மக்கள் உள்ளவன், எந்த உரிமையில் இருப்பது? ஆனாலும் போவது சரியா என்று தீர்மானிப்பதில் அவளுக்கும் பங்கு உண்டு. வேண்டாம் என்று அவள் சொன்னதை, அவள் நன்மை அவளுக்கே தெரியாது என்பது போல அவன் ஒதுக்கிவிட்டான்.

அவன் போனபின் கங்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் விட்டுப்போன குடியை அவள் எடுத்துக்கொள்கிறாள்.