மிஞ்சிய தோல் யாருடையது?

டை அடித்தால் அது தலையில் பெரும்பாலும் அரை மணி நேரம் ஊற வேண்டும். அந்த நேரத்துக்குள் அதன் வேதிப்பொருள் தோலைத் தாண்டி எவ்வளவு உள்ளே இறங்குகிறது? 1975இல் புரூஸ் ஏம்ஸ் குழுவினர் கடைகளில் விற்ற 169 நிரந்தரச் சாயங்களைச் சோதித்தபோது, 150 சாயங்கள் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றின. பாக்டீரியாவில் நடந்தது மனிதரிலும் நடக்கும் என்று உடனே சொல்லிவிட முடியாது. உடலுக்குள் போகும் அளவு தெரிந்தால்தான் ஆபத்தைக் கணக்கிட முடியும். அதை அளக்க மனிதத் தோல் வேண்டும்.

அந்தத் தோலை யாரிடம், எந்த உரிமையில் கேட்பது?

பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கைதிகளின் தோலில் அழகுப் பொருள்களையும் மருந்துகளையும் சோதித்தார். டையாக்சின் என்ற நச்சுகூடத் தடவப்பட்டது. பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில டாலர் கூலிக்காகக் கையெழுத்திட்டவர்கள். வேறு வருமானத்துக்கு வழியில்லாதவரிடம் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படி ஏற்பது? பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021இலும், பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. பலருக்கு அது காலம் கடந்த மன்னிப்பு.

அழகுப் பொருளுக்காக விலங்குகளை வதைப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. விலங்கில் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முந்தைய ஆண்டே நிறுத்திவிட்டது. இன்று பெரிதும் பயன்படுவது, வயிற்றுச் சதையைக் குறைப்பது போன்ற அறுவை சிகிச்சைகளில் மிஞ்சும் தோல். அதை ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான தடிமனுக்குச் சீவி, ‘ஃபிரான்ஸ் செல்’ எனும் கண்ணாடிக் கலத்தின் இரு அறைகளுக்கு நடுவே பொருத்துகிறார்கள். 32 டிகிரி வெப்பத்தில் சாயம் பூசி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வைத்துக் கழுவி, கீழ் அறைத் திரவத்தில் என்ன வந்து சேர்கிறது என்று ஒரு நாள் முழுக்க அளக்கிறார்கள். தோல் உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. உடலைக் காக்கும் முக்கிய அரணே மேல்பரப்பின் இறந்த செல் அடுக்குதான்.

இதில் யாருக்கும் வலியில்லை. கைதி, விலங்கு, மிஞ்சிய தோல் என்ற மூன்று வழிகளிலும் இதுவே மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வலியில்லை என்பதாலேயே கேள்வி தீர்ந்துவிடாது. 1797இல் இம்மானுவேல் காண்ட், பல்லைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதும் விற்பதும் தற்கொலையின் ஒரு பகுதி என்றார். முடியை வெட்டி விற்பதை அவ்வளவு பெரிய குற்றமாக அவர் கருதவில்லை. அதற்காக முற்றிலும் பழியற்றது என்றும் விடவில்லை. சிகிச்சைக்காக வெட்டிய தோல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை வெட்டியதில் தவறில்லை; அதன் பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல்.

ஜான் மூர் என்ற நோயாளியின் மண்ணீரல் செல்களிலிருந்து அவருக்குத் தெரியாமலேயே செல் வரிசை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார்கள். 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தச் செல்களில் அவருக்குச் சொத்துரிமை இல்லை என்றது. ஆனால் மருத்துவர் தம் ஆய்வு, பண ஆதாயங்களை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இரண்டாவது பகுதியே இங்கே முக்கியம்.

எப்படியும் எரிக்கப்போகும் கழிவுதானே என்பார்கள். எல்லோருக்கும் அது கழிவு அல்ல. யூத, இஸ்லாமிய மரபுகளில் வெட்டியெடுத்த உறுப்பைப் புதைக்கும் வழக்கம் உண்டு. தீக்காயம் பட்டவருக்கென்றால் மனமுவந்து தோலைக் கொடுப்பவர், சாய நிறுவனத்துக்கு மறுக்கலாம்; அந்த மறுப்புக்கு அவர் காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆகவே ஒப்புதல் படிவத்தில் ‘ஆராய்ச்சிக்கு’ என்ற பொதுச்சொல் போதாது. அழகுப் பொருள் சோதனைக்கு என்பதைத் தனி வரியாக, நோயாளியின் மொழியில், மயக்க மருந்து கொடுப்பதற்கு வெகு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.