மகிழடியில் வாங்கிய சத்தியம்

ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் காதலிக்கலாமா? திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்கு இது பழைய கேள்வி.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், சிவனடியார் சுந்தரரின் காதல் பணியிடத்தில்தான் தொடங்குகிறது. கயிலை நந்தவனத்தில் சிவனுக்குப் பூப்பறிக்க வந்தவர், உமைக்குப் பூப்பறித்த கமலினி, அனிந்திதை இருவர்மீதும் மனம் வைக்கிறார். மண்ணில் பிறந்து அவர்களோடு வாழ்ந்துவிட்டு வரும்படி சிவன் கட்டளை. விரட்டியடிக்கவில்லை.

மண்ணில் பிறந்த அனிந்திதைதான் ஞாயிறு கிராமத்துச் சங்கிலியார். ஒற்றியூர்க் கோயிலில் திரைக்குப் பின்னே அமர்ந்து மாலை தொடுப்பவர். மாலையைக் கொடுக்க வெளியே வந்த கணத்தில் சுந்தரர் பார்த்துவிடுகிறார். அவர் சிவனுக்கே தோழர். சிவனையே தூது அனுப்புகிறார். மேலிடத்துச் செல்வாக்கு முழுக்க ஒருவர் பக்கம்! சங்கிலியாருக்கு இருந்த ஒரே பிடிமானம், பிரியமாட்டேன் என்று சுந்தரர் சன்னிதியில் செய்ய வேண்டிய சத்தியம். அதையும் தளர்த்தப் பார்க்கிறார் சுந்தரர்: சத்தியம் செய்யும்போது சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனைக் கேட்கிறார். சிவனோ சங்கிலியாருக்குக் கனவில் தெரிவித்து, மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் செய்கிறார். இந்தக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடவுள் நண்பனை விட்டு, செல்வாக்கில்லாதவள் பக்கம் நிற்கிறார்.

பின்னர், கமலினி பிறந்து வாழ்ந்த திருவாரூரின் நினைவில், சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போனது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் காதலைத் தடுக்கவில்லை. விரும்பத்தகாத நடத்தையைத்தான் தடுக்கிறது. எண்ணூர் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர் ஒப்பந்தத் தொழிலாளியை விரும்பினால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வேலைக்கு ஆபத்தில்லாமல் அவளால் மறுக்க முடியுமா?