ரதியின் கேள்வி

கிரேக்கர்களின் மாவீரன் ஹெரக்கிளிஸ் பன்னிரண்டு அருஞ்செயல்களைச் செய்து முடித்தான் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் முதலில் அவனுக்கு விதிக்கப்பட்டவை பத்துத்தான். அப்பொல்லொடோரஸ் பெயரில் வழங்கும் பழங்கதைத் தொகுப்பு, பத்து எப்படிப் பன்னிரண்டானது என்று விவரமாகச் சொல்கிறது. பல தலைப் பாம்பாகிய ஹைட்ராவை அவன் கொன்றபோது, வெட்டிய கழுத்துகள் மறுபடி முளைக்காதபடி அவன் சகோதரனின் மகன் அயோலாஸ் தீயால் சுட்டு உதவினான். அதனால் அது கணக்கில் சேராது என்றான் அவனை ஏவிய மன்னன் யூரிஸ்தியஸ். பிறகு ஆகியஸ் என்பவனின் மாட்டுத் தொழுவத்தை ஒரே நாளில் இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டுக் கழுவினான். அதற்குக் கூலி பேசிவிட்டாய், ஆகவே அதுவும் சேராது என்றான் யூரிஸ்தியஸ். கூலி தருவதாகச் சொன்ன ஆகியஸோ, மன்னன் ஏவித்தானே நீ செய்தாய், உனக்கு எதற்குக் கூலி என்று கையை விரித்தான். வேலை ஒன்று. அதற்குக் கணக்கும் இல்லை, கூலியும் இல்லை.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த எவரும் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பார்கள். காலையில் பெரட்டுக்குப் போய், படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மலை ஏறி, அட்டைக்கடியோடு நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, நிறுவையில் கொண்டுபோய் வைத்தால், ஈரக் கொழுந்து என்று சில கிலோ கழியும், சாக்குக்கு என்று இன்னும் கொஞ்சம் கழியும். நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவு 16, 18, 20 எனத் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அதற்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். ஏறிய மலை முழு மலைதான், நனைந்த மழையும் முழு மழைதான். ஆனால் எழுதுகோல் வேறொருவர் கையில் இருக்கிறது.

ஹெரக்கிளிஸின் பலத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அவன் தோளையும் கதாயுதத்தையும் விட, அவனை அனுப்பியவன் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. யூரிஸ்தியஸ் கோழை. கொன்ற சிங்கத்தோடு ஹெரக்கிளிஸ் வந்ததைக் கண்டு நடுங்கி, இனி ஊருக்குள் வராதே, வாசலில் நின்று காட்டிவிட்டுப் போ என்று கட்டளையிட்டான். நிலத்தடியில் வெண்கலத் தாழி ஒன்றைப் புதைத்து வைத்து அதற்குள் ஒளிந்துகொண்டான். அடுத்த வேலைகளைக்கூட நேரில் சொல்லவில்லை, தூதுவன் மூலம்தான் சொல்லி அனுப்பினான். மற்றக் கதைகளிலும் இப்படி ஒருவன் இருக்கிறான். பொன்மயமான ஆட்டுத்தோலைக் கொண்டு வா என்று ஜேசனைக் கொல்கிஸுக்கு அனுப்பிய பீலியாஸ், அவன் திரும்பி வரமாட்டான் என்று நம்பித்தான் அனுப்பினான். தோல் வந்த பிறகும் அரியணையை விட்டு இறங்கவில்லை. பெர்சியூஸை மெடூசாவின் தலைக்காக அனுப்பிய போலிடெக்டீஸுக்கு வேண்டியிருந்தது மெடூசாவின் தலை அல்ல, பெர்சியூஸின் தாய். மகன் தடையாக இருந்தான், அவ்வளவுதான்.

கிரேக்கர்கள் இந்த அனுப்புகிறவர்களை மறைக்கவில்லை. கதைக்குள் வைத்து, முகத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். ஆனால் அந்த வீரர்கள் புறப்படுமுன் இவன் ஏன் என்னை அனுப்புகிறான் என்று கேட்பதை நான் அநேகமாகக் கண்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒருத்தியை நான் நம்முடைய தோட்டத்துக் கூத்தில்தான் கண்டேன்.

மலையகத்தில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் பெரிய கூத்துகள். முதல் இரண்டிலும் தேடலும் தவமும் வீரமும் வெளிப்படையாக இருக்கின்றன. பாசுபதம் வாங்கச் சிவனை நோக்கித் தவமிருக்கும் அருச்சுனனைக் கிரேக்கத்து எந்த வீரனோடும் பக்கத்தில் நிறுத்தலாம். காமன் கூத்து வேறு விதம். மாசி வளர்பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமி வரை இரவுகளில் தப்பு முழங்க நடப்பது. சிவன் தவத்தில் இருக்கிறார், சூரனின் கொடுமை தாங்காத தேவர்களுக்கு அந்தத் தவம் கலைய வேண்டும். மன்மதனுக்கு ஓலை வருகிறது. அவன் புறப்படுகிறான்.

ரதி மறிக்கிறாள். கெட்ட கனவுகளைச் சொல்கிறாள், அபசகுனங்களைச் சொல்கிறாள், சிவனின் நெற்றிக்கண்ணைச் சொல்கிறாள். இரவு நெடுநேரம் நீளும் பாட்டு அது. சுருங்கச் சொன்னால் அவள் கேட்பது ஒன்றுதான்: அனுப்புகிறவர்களில் ஒருவராவது உன்னோடு வருகிறார்களா? அவன் வீரம் பேசுகிறான். ஏவலை மறுக்க முடியாது என்கிறான். போகிறான், எரிகிறான். எங்கள் அப்பாயி அந்த இடத்தில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவ இத்தன தரம் சொல்றாளே, கேக்குறானா பாரு" என்று ஒவ்வொரு வருசமும் சொல்வார். முடிவு தெரிந்த கதைக்கு ஒவ்வொரு வருசமும் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று சிறு வயதில் எனக்கு விளங்கவில்லை. அவருடைய மாமனும் மச்சானும் ஓலை வந்து புறப்பட்ட பரம்பரையில் வந்தவர்கள் என்பது பிறகு விளங்கியது.

அந்த ஓலையை அன்று கங்காணி கொண்டுவந்தான். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய வரவு அது. கடனை முன்பணமாகக் கையில் கொடுத்து, படகில் ஏற்றி, மன்னார்க் கரையில் இறக்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடத்திக் கொண்டுவந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. வந்து சேர்ந்தவர்களின் கடன் துண்டு என்ற ஒரு சீட்டில் எழுதப்பட்டது. அந்தச் சீட்டு தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. அந்த நடைக்கு இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள். யாரும் ஏவாமல், தாங்களே தீர்மானித்து நடந்த நடை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மலையடிவாரத்து நல்லதண்ணியில் இருந்து பார்த்தால், ஏவப்பட்ட நடை, தாமே தீர்மானித்த நடை ஆகிய இந்த இரண்டு வகையும் ஒன்றாகவே தெரியும். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக பஸ்கள் வந்து கொட்டும். 2,243 மீற்றர் உயரச் சிகரம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மேலே உள்ள பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவன் பாதம் என்கிறார்கள், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், இஸ்லாமியர் ஆதாமின் பாதம் என்கிறார்கள். இப்னு பதூதா 1344இல் இங்கே ஏறினார். பாறையில் பிடித்து ஏற வைத்த சங்கிலிகளை அலெக்சாண்டர் பதித்தான் என்று ஒரு பாரசீகக் கதை உண்டு. அவன் இலங்கைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய மலைக்கு ஒரு கிரேக்க வீரனைக் கொண்டுவந்து சேர்க்காமல் கதை சொல்கிறவர்களுக்கு மனம் ஆறவில்லை.

சீதகங்குலையில் குளிர்ந்த நீரில் குளித்து, வெள்ளை உடுத்து ஏறுகிறார்கள். வழியில் ஓரிடத்தில் புத்தர் தம் கிழிந்த காவியைத் தைத்ததாக நம்பிக்கை. அங்கே யாத்திரிகர்கள் ஊசியில் நூல் கோத்து, நூலைப் பாதை நெடுக விட்டுக்கொண்டே மேலேறுவார்கள். செடிகள் மேலெல்லாம் வெள்ளை நூல். அதைப் பார்க்கும்போது எனக்கு தீசியஸ் நினைவுக்கு வருவான். சுழல்வழிக் கோட்டைக்குள் மினோட்டாரைக் கொல்லப் போனவன், அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துத்தான் வெளியே வந்தான். பிறகு அவளை நக்ஸோஸ் தீவில் தூங்க விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனான். வீரனின் புகழுக்குள் நூல் கொடுத்தவளுக்கு இடமில்லாமல் போனது.

மலை உச்சியில் ஒரு மணி இருக்கிறது. ஒருவர் எத்தனை தடவை ஏறியிருக்கிறாரோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் தடவை வந்தவர் ஒரு தடவை அடிப்பார். ஆண்டுதோறும் வருகிற முதியவர் நிறுத்தி நிதானமாக அடித்துக்கொண்டே இருப்பார். யாரும் சரிபார்ப்பதில்லை. நடுவில் ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார், ஆகவே இது சேராது என்று சொல்ல அங்கே யூரிஸ்தியஸ் இல்லை. ஏறியவரே கணக்கு வைத்து, ஏறியவரே ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிவிடுகிறார். யாத்திரைக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டியது இந்த மணிதான். கால்களுக்கு இரண்டும் ஒரே ஏற்றம். ஒன்றில் நேர்த்தி வைத்தவர் தாமே, கணக்குப் பார்ப்பவரும் தாமே. மற்றதில் இரண்டும் பிறர்.

அதே படிகளில், தேநீர்க் கடைகளுக்கான சரக்கைத் தலையிலும் தோளிலும் சுமந்து ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். பருவகாலத்தில் அவர்கள் ஏறிய தடவைகளுக்கு மணி அடிக்கப் புகுந்தால் விடிந்துவிடும். அடிவாரத்து மலைகளில் கூடையோடு ஆண்டு முழுக்க ஏறும் பெண்களுக்கோ எந்த உச்சியிலும் மணி இல்லை.

அக்கிலிஸ் டிரோயில் புகழுக்காக இளமையிலேயே சாவைத் தேர்ந்தெடுத்தவன். ஒடிசியஸ் அவனைப் பாதாளத்தில் சந்தித்து, இங்கேயும் நீ அரசன்போல இருக்கிறாயே என்று ஆறுதல் சொல்கிறான். அக்கிலிஸ் அதை ஏற்கவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலியாக உயிரோடு இருப்பது மேல் என்கிறான். ஹோமரின் காவியத்தில் இந்த இடம் மிகப் புகழ்பெற்றது. வாழ்வின் அருமையைச் சொல்வதாக எல்லோரும் இதை வாசிக்கிறார்கள். வாசிக்கட்டும். ஆனால் கூலியாக இருப்பது என்றால் என்ன என்று அக்கிலிஸுக்குத் தெரியாது. அவன் அறிந்த உலகில் அதுதான் ஆகக் கீழான வாழ்வு, அளவுகோலுக்கு அதைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கீழான இடத்திலேயே நின்று, அங்கிருந்தே எதிர்த்தவர்களை எந்தக் காவியத்தில் சேர்ப்பது? முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தன் கூலித் தொழிலாளி. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணனும் அப்படித்தான். அவர்களைத் தங்கத் தோலுக்கு எவரும் அனுப்பவில்லை. தமக்கும் தம்மைப் போன்றவர்க்கும் வேண்டியது என்ன என்று தாமே தீர்மானித்து நின்றார்கள். என் கணக்கில் அவர்கள் ஹெரக்கிளிஸைவிடப் பெரியவர்கள்.

ஒடிசியஸுக்கு வேறொரு வகையில் கொடுத்து வைத்திருந்தது. பத்தாண்டுப் போர், பத்தாண்டு அலைச்சல், ஆனால் திரும்பிப் போக ஊர் இருந்தது. கலிப்சோ சாகாவரம் தருகிறேன் என்றும் அவன் இத்தாக்காவையே கேட்டான். அவனுடைய கிழட்டு நாய்கூட அவனை அடையாளம் கண்டு வாலாட்டியது. 1948இல் குடியுரிமையை இழந்த நம்மவர்களை 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் தலை எண்ணிப் பங்கிட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டார்கள். 3,00,000 பேர் இங்கே என்று எழுதப்பட்டார்கள். போனவர்களில் பலர் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த லயங்களில்தான். ஊர் திரும்புகிறார்கள் என்று அரசாங்கங்கள் சொன்னன. இங்கேயோ அவர்களை ஏற்றிப்போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அக்கரையில் அவர்களை அடையாளம் காண ஒரு நாயும் இருக்கவில்லை. பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்குள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது ஓலை வேறு கைகளில் வருகிறது. கொழும்புக் கடைக்கு ஆள் பிடிக்கிறவர் வருகிறார். வளைகுடா நாட்டு வீட்டு வேலைக்கு முகவர் வருகிறார், கையில் முன்பணத்தோடு. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாய்மார் புறப்படுகிறார்கள். போகவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, தோட்டத்துச் சம்பளத்தில் வாழ்ந்து பார்க்காத எவருக்கும் அது இல்லை. இருந்த இடத்திலேயே இருந்துவிடுவது உயர்ந்தது என்றும் நான் நினைக்கவில்லை. படிப்புக்கும் பிழைப்புக்கும் வெளியே போய்த்தான் நம் சமூகம் இவ்வளவு தூரம் நிமிர்ந்திருக்கிறது. என் கவலை போவதைப் பற்றியதல்ல, கேளாமல் போவதைப் பற்றியது. அனுப்புகிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது, என் உழைப்பை அங்கே எழுதப் போவது யார், கணக்குப் பிழைத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன் என்று புறப்படுமுன் கேட்பதால் எவருடைய வீரமும் குறைந்துவிடாது. மன்மதன் கேட்டிருந்தாலும் ஒருவேளை போயிருப்பான். கண்ணைத் திறந்துகொண்டு போயிருப்பான்.

நம் கூத்து அந்தக் கேள்வியை ஒரு பெண்ணின் வாயில் வைத்திருக்கிறது. இந்த மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றினால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள். எல்லோரும் தகனத்தைப் பார்க்க முண்டியடிப்பார்கள். அதற்கு முன்பே போய் உட்கார்ந்து, ரதி மறிக்கும் கட்டத்தை முழுதாகக் கேளுங்கள். கூத்து வாத்தியார் அதைச் சுருக்கப் பார்த்தால், விடாதீர்கள்.